அடுத்ததுக்காரரும் ஆறு யானைகளும்

அடுத்ததுக்காரர் என்றொரு மனித இனம் உண்டு. கேள்விப்பட்டதே இல்லையே என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருப்பார். இப்போது கண்ணில் படவில்லை என்றால் எங்கோ கிளம்பிப் போய்விட்டார் என்று அர்த்தம். இந்த இனத்துக்குக் கொம்பும் கிடையாது, வாலும் கிடையாது. அடையாளம் ஒன்றே ஒன்றுதான்: எங்கே இருக்கிறாரோ அங்கே இருக்கமாட்டார். குளிக்கும்போது காபியில் இருப்பார், காபி குடிக்கும்போது பஸ் நிறுத்தத்தில் இருப்பார், பஸ்ஸில் ஏறியதும் இறங்குகிற படியில் இருப்பார், சினிமாவுக்குப் போனால் வில்லன் உயிரோடு நடமாடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து வாசல் திரைப்பக்கம் நின்றுகொள்வார், துக்க வீட்டுக்குப் போனால் இறந்தவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே "எப்ப எடுக்கிறாங்க?" என்று விசாரித்துவிடுவார். அவசரக்காரர் வேறு, இவர் வேறு. அவசரக்காரருக்கு ஒரு காரியம் சீக்கிரம் முடிய வேண்டும். இவருக்கு அது ஏற்கெனவே முடிந்திருக்க வேண்டும்.

இவருடைய அகராதியில் இரண்டு சொற்கள்தான் தேய்ந்திருக்கும். ஒன்று "ஆச்சா?" இன்னொன்று "அடுத்து?" பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருந்தபோது, குறடு உள்ளே இருக்கையிலேயே, இந்த இரண்டாவது சொல்லைச் சொல்ல முயன்று டாக்டரை மிரள வைத்தவர் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் என் அத்தான். சொந்த அக்காவின் கணவர். பார்சல் கம்பெனியில் அனுப்புதல் பிரிவுக்குத் தலைவர். ஒரு பொட்டி உள்ளே வந்தால் அதை வெளியே தள்ளியாக வேண்டும், தள்ளியதும் இன்னொன்று வந்துவிடும். இருபத்தைந்து வருடமாக இதே வேலை. பாவம், மனுஷர் உலகத்தையே பொட்டி பொட்டியாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார் என்று நான் பரிதாபப்பட்டிருப்பேன். ஆனால் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே அவர் இப்படித்தான். கல்யாணப் போட்டோவைப் பாருங்கள். அக்கா காமிராவைப் பார்க்கிறாள். அத்தான் சாப்பாட்டுக் கூடத்தைப் பார்க்கிறார்.

அக்கா அப்படியே நேர் எதிர். ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்து, ரத்தத்துளியில் எது எத்தனை இருக்கிறது என்று எண்ணுகிற வேலை. ஒரு கண்ணாடித் துண்டை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் அசையாமல் பார்ப்பாள். இப்படிப்பட்டவளுக்கு இப்படிப்பட்டவரைப் பார்த்துக் கட்டிவைத்தார்கள் பாருங்கள், அவர்களைச் சொல்ல வேண்டும். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அக்கா எதையுமே முழுசாகப் பார்த்ததில்லை. கடலுக்குப் போனாள், கணுக்கால் நனைவதற்குள் "ஆச்சா?" என்று குரல் வந்தது. கிரகணம் பார்க்க மொட்டை மாடிக்குப் போனாள். பாதி மறைந்ததும், "மீதியும் இதே மாதிரிதான் மறையும், வா" என்று கீழே கூட்டி வந்துவிட்டார்.

ஆகவே, 'ஒரே நாளில் ஐந்து நினைவுச் சின்னங்கள், ஒரு யானைகள் சரணாலயம்' என்ற சுற்றுலாத் துண்டுச் சீட்டு வீட்டுக்கு வந்தபோது, அத்தானுக்கு 'ஒரே நாளில்' என்ற பகுதி பிடித்திருந்தது. அக்காவுக்கு யானை.

"முப்பது வருஷமா கண்ணுக்குத் தெரியாததையே பார்த்துட்டு இருக்கேன்" என்றாள் அக்கா. "ஒரு நாளாவது பெரிசா ஒண்ணைப் பார்க்கணும். இங்க பாருங்க, அந்த அஞ்சு கட்டடத்தையும் நீங்க ஓடிக்கிட்டே வேணாலும் பாருங்க, நானும் கூட ஓடி வர்றேன். ஆனா யானைகிட்டப் போனதும் 'அடுத்து'ங்கிற வார்த்தை உங்க வாயிலேருந்து வரக்கூடாது. வந்துச்சு, அதுதான் நான் உங்ககூட வர்ற கடைசிப் பயணம். அப்புறம் எங்க போனாலும் தம்பிகூடப் போயிக்குவேன்."

தம்பி என்பது நான். என்னைக் கேட்டுக்கொண்டு சொல்லவில்லை. அக்கா குரலை உயர்த்தவும் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. அத்தானுக்கும் உறைத்திருக்க வேண்டும்.

"சரி சரி, சொல்லல. சத்தியமா சொல்லல" என்றார். "கெளம்பலாமா?"

பயணம் ஞாயிற்றுக்கிழமை. அன்று வியாழன்.

ஞாயிறு காலை பஸ் கிளம்பியது, அக்கா கூட்டி வந்ததால் நானும் அதில் இருந்தேன். இருபத்திரண்டு பயணிகள், பாதித் தூக்கத்தில் ஒரு டிரைவர், கையில் மைக்கும் மஞ்சள் கொடியும் வைத்திருந்த ஒரு வழிகாட்டிப் பெண். நல்ல பெண். "அனைவருக்கும் வணக்கம், நாம் முதலில் பார்க்கப்போவது..." என்று அவள் ஆரம்பித்ததுதான் தாமதம், அத்தான் கையைத் தூக்கிவிட்டார்.

"ஏம்மா, ஒவ்வொரு இடத்துலயும் எறங்கி நின்னு கதை சொன்னா நேரம் ஆகுமில்ல? அஞ்சு இடத்தோட கதையையும் இப்பவே மொத்தமாச் சொல்லிடேன். அங்க போயி சும்மா பார்த்துட்டு வந்துடுவோம்."

இதில் என்ன தப்பு என்று உங்களுக்கு உடனே தோன்றவில்லை அல்லவா? எங்களுக்கும் தோன்றவில்லை. இருபத்தொரு தலைகள் ஆமாம் ஆமாம் என்று ஆடின. அந்தப் பெண்ணும் மூச்சு விடாமல், கோட்டையில் ராஜா தன் தம்பியை எந்த அறையில் அடைத்தான், பதினெட்டு வயதில் இறந்துபோன ராணிக்கு எப்படிக் கல்லறை கட்டினான், குளியல் மாளிகையில் பன்னீர் வரும் குழாய்கள் எத்தனை, தானியக் கிடங்கில் எத்தனை ஆயிரம் மூட்டை பிடிக்கும், வெற்றி வளைவு எந்தப் போருக்காக எழுப்பியது என்று எல்லாவற்றையும் நாற்பது நிமிடத்தில் ஒப்பித்து முடித்து, ஒரு பாட்டில் தண்ணீரையும் குடித்தாள். அதற்குப் பிறகு வரலாறு எங்கள் மண்டைக்குள் கலந்த நிலையில் பயணம் செய்தது.

விளைவைக் கேளுங்கள். தானியக் கிடங்கின் வாசலில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "பதினெட்டு வயசு, பாவம், வாழ வேண்டிய பொண்ணு" என்று கண் கலங்கினார். அவர் அழுவதைப் பார்த்து இன்னும் நாலு பேர் மூக்கை உறிஞ்சினார்கள். உண்மையான கல்லறையில், புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று மூலை மூலையாகக் குனிந்து குழாய் தேடியது. குளியல் மாளிகையில், தம்பியை அடைத்த அறை இதுதான் என்று ஒருவர் தன் தம்பியையே உள்ளே நிறுத்திப் படம் எடுத்தார். வழிகாட்டிப் பெண் கொடியை ஆட்டிக்கொண்டு, "இல்லைங்க, அது இது இல்லைங்க" என்று ஓடி வருவதற்குள் அத்தான், "ஆச்சா? எல்லாரும் பார்த்தாச்சா? அடுத்து!" என்று கையைத் தட்டிவிடுவார். அவள் திருத்துவதற்கு ஆள் இருக்காது. ஒரு ராஜா இருபது வருடம் ஆளை வைத்துக் கட்டிய கல்லறையை நாங்கள் ஏழு நிமிடத்தில் பார்த்தோம். அதிலும் இரண்டு நிமிடம் செருப்பு மாட்டுவதில் போனது.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். இது தொற்றும். மூன்றாவது இடத்திலேயே தலைமையாசிரியர் வாயிலிருந்து "அடுத்து?" வந்தது. நான்காவது இடத்தில் புது மாப்பிள்ளை பஸ்ஸை விட்டே இறங்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "ஆச்சு" என்றார். மத்தியானச் சாப்பாட்டில் சூப்பு வரும்போதே எல்லோரும் ஐஸ்கிரீமைப் பற்றி விசாரித்தார்கள், ஐஸ்கிரீம் வந்தபோது பாதி மேஜை காலியாகிக் கை கழுவும் இடத்தில் நின்றது. ஒருத்தி மட்டும் நிதானமாக உட்கார்ந்து கரண்டியை நக்கிக்கொண்டிருந்தாள். அக்காதான். அவள் காலையிலிருந்து சொன்னபடியே கூட ஓடினாள், ஒரு முணுமுணுப்பு இல்லை. எல்லாவற்றையும் யானைக்காகச் சேர்த்து வைத்திருந்தாள்.

"நாப்பது நிமிஷம் மிச்சம் பண்ணிட்டேன்" என்றார் அத்தான், சரணாலயத்து வாசலில் பஸ் நின்றபோது. யாருக்கு மிச்சம், எதற்கு மிச்சம் என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு இந்த இனத்திடம் பதில் கிடையாது.

சரணாலயம் என்றால் கம்பிக்குப் பின்னால் யானையைக் கட்டி வைத்திருப்பார்கள் என்று நினைத்திருந்தோம். அப்படி இல்லை. சர்க்கஸிலும் மரக் கிடங்கிலும் உழைத்து ஓய்ந்த ஆறு பெண் யானைகள், தங்கள் பாட்டுக்குக் காட்டில் திரிந்துகொண்டிருந்தன. ஓடைக் கரையில் பலகை பெஞ்சுகள். அங்கே சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தால் யானைகள் தண்ணீருக்கு வரும்போது பார்க்கலாம். காக்கிச் சட்டை போட்ட பாகன் ஒருவர் விவரம் சொன்னார்.

"எத்தனை மணிக்கு வரும்?" என்றார் அத்தான்.

"வர்றப்ப வரும் சார்."

"சுமாரா?"

"சுமாராவும் வர்றப்பதான் சார் வரும்."

அத்தான் வாயைத் திறந்தார். அக்கா திரும்பிப் பார்த்தாள். அத்தான் வாயை மூடிக்கொண்டார்.

அடேயப்பா, அந்த முப்பத்தைந்து நிமிடத்தை நான் என் ஜென்மத்தில் மறக்கமாட்டேன். யானைக்காகச் சொல்லவில்லை, யானைதான் வரவில்லையே! அத்தானுக்காகச் சொல்கிறேன். சொல்லக்கூடாத ஒரு சொல்லை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் படுகிற பாட்டை அன்றுதான் பார்த்தேன். முதலில் முழங்கால் ஆட ஆரம்பித்தது. பிறகு இரண்டு முழங்காலும். பிறகு பெஞ்சே ஆடியது, பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். அத்தான் கடிகாரத்தைப் பார்த்தார், கடிகாரம் ஓடுகிறதா என்று காதில் வைத்துப் பார்த்தார், ஓடையில் ஒரு இலை போவதைப் பார்த்து அது போகிற வேகம் போதாது என்பது போல முகத்தைச் சுளித்தார்.

"பெஞ்சு ஆடுது" என்றாள் அக்கா, ஓடையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அத்தான் என் காதருகே குனிந்தார். "மச்சான், நான் அந்த வார்த்தையைச் சொல்லல. நீ சாட்சி. ஆனா ஒண்ணு யோசி. கெளம்புறப்ப வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிக்கும்?"

"உள்பக்கம் பார்த்து நிக்கும். அதனாலென்ன?"

"இருபத்திரண்டு பேர் ஏறினதுக்கப்புறம் திருப்பினா பத்து நிமிஷம் போயிடும். இப்பவே திருப்பி வாசலைப் பார்த்து நிறுத்திட்டா?"

"அத்தான், பேசாம உக்காருங்க."

"சத்தமில்லாமப் போயி சத்தமில்லாம வந்துடறேன்" என்று எழுந்து, பூனை நடை நடந்து போய்விட்டார். இங்கேதான் இந்த இனத்தின் மகிமையைக் கவனிக்க வேண்டும். வாயைக் கட்டினீர்கள் என்றால் கால் பேசும். காலையும் கட்டினால் பஸ்ஸைத் திருப்பும்.

தூங்கிக்கொண்டிருந்த டிரைவரை எழுப்பி என்ன சொன்னாரோ தெரியாது. திடீரென்று நிறுத்துமிடத்திலிருந்து, பொம்மைக் கடையில் வருமே, அந்த மாதிரி டிங்டிங் என்று ஒரு இசை கிளம்பியது. பின்னால் போகும்போது பஸ் தானாகப் பாடுகிற பாட்டு. அமைதியான காட்டில் அது நாலு திக்கும் கேட்டது. பாகன் துள்ளி எழுந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயையோ, யாரு வண்டியைப் பின்னால எடுக்கிறது? தீவன லாரிக்கும் இதே பாட்டுதாங்க! சாப்பாடு வந்துடுச்சுன்னு நினைச்சுக்குமே!"

நினைத்துக்கொண்டன. ஓடைக்கு அப்பால் புதர் அசைந்தது. ஒன்றன்பின் ஒன்றாக ஆறு யானைகள், ஓடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், எங்களையும் பார்க்காமல், விருந்துக்குப் போகிறவர்கள் போல வேகமாக நிறுத்துமிடத்தை நோக்கி நடந்தன. பாதித் திரும்பிய நிலையில் குறுக்காக நின்ற பஸ்ஸைச் சுற்றி நின்றன. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. உள்ளே டிரைவரும் அத்தானும்.

"ஒண்ணும் பண்ணாதுங்க, சாதுங்க" என்றார் பாகன், எங்களை நிறுத்துமிடத்து மர வேலிக்குப் பின்னால் கூட்டிப்போய் நிறுத்திவிட்டு. "ஆனா சாப்பாடு வராம நகராது."

"சாப்பாடு எப்ப வரும்?" என்று இருபது பேர் ஒரே குரலில் கேட்டோம்.

"லாரி ஆறு மணிக்கு."

அப்போது மணி நாலு. வேலிக்கும் முதல் யானைக்கும் பத்தடி தூரம் இருக்கும். நான் அக்காவைப் பார்த்தேன். வேலியின் மேல் கட்டையில் இரண்டு முழங்கையையும் ஊன்றி, மோவாயைக் கையில் தாங்கி, அவள் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் கண்ணாடித் துண்டைப் பார்ப்பாளே, அதே பார்வை. அவளை அங்கிருந்து கிளப்ப யாராலும் முடியாது, ஏனென்றால் கிளம்புவதற்கு எங்களிடம் பஸ் இல்லை.

என் கைபேசி அடித்தது.

"மச்சான்," அத்தான் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. "அதுங்க என்ன பண்ணுது?"

"உங்க ஜன்னலை மோந்து பார்க்குது அத்தான்."

"எப்பப் போகுமாம்?"

"ஆறு மணிக்கு."

பெருமூச்சு மட்டும் கேட்டது.

"உங்க அக்காகிட்டச் சொல்லு. நான் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்ல. வண்டியைத்தான் திருப்பினேன்."

அக்காவிடம் சொன்னேன். அவள் திரும்பவில்லை. ஆனால் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து எட்டிப் பார்த்தால், சிரிப்பு. அடக்க முடியாத சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"இருபத்தாறு வருஷத்துல அவர் எனக்குச் செஞ்ச நல்ல காரியம் இதுதான்டா" என்றாள். "பெஞ்சுல உக்காந்திருந்தா ஓடையில தண்ணி குடிச்சிட்டு அஞ்சு நிமிஷத்துல போயிருக்கும். இப்பப் பாரு, ரெண்டு மணி நேரம்! எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா எனக்கு? உன் அத்தானை அப்புறமா நல்லாத் திட்டணும். இப்ப நேரமில்ல."

இரண்டு மணி நேரமும் அவள் பார்த்தாள். மற்றவர்கள்? முதல் கால் மணி "ஆ", "ஓ", படம். அப்புறம் புது மாப்பிள்ளை கொட்டாவி விட்டார். தலைமையாசிரியர் போகிற வழியில் எங்கே டீ கிடைக்கும் என்று வழிகாட்டிப் பெண்ணைக் கேட்டார். பத்தொன்பது பேரும் யானைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, லாரி வரவேண்டிய பாதையைப் பார்த்து நின்றார்கள். வழிகாட்டிப் பெண் மட்டும் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். "வாரம் ரெண்டு தடவை வர்றேன் மேடம். இவ்வளவு நேரம் நானே பார்த்ததில்ல" என்றாள்.

ஆறு மணிக்கு டிங்டிங் என்று நிஜ லாரி பின்னால் வந்தது. யானைகள் பஸ்ஸை விட்டு விலகின. அத்தான் கதவைத் திறந்து இறங்கி, சட்டையைச் சரிசெய்துகொண்டு அக்கா முன்னால் நின்றார். அவர் முகத்தில் அப்படியொரு பயத்தை நான் பார்த்ததில்லை. யானையிடம் இருந்த பயம் இல்லை அது.

"இதோட... நீ சொன்ன மாதிரி... கடைசிப் பயணமா?" என்றார்.

"சொன்னீங்களா?"

"சொல்லல. சத்தியமா சொல்லல."

"அப்ப அடுத்த மாசம் கடலுக்குப் போவோம்" என்றாள் அக்கா. அத்தானுக்குப் போன உயிர் வந்தது.

திரும்பும் வழியில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய யானைக்கு இமை முடி எவ்வளவு நீளம், அது ஒரு கொத்துப் புல்லைப் பிடுங்கி மண் போகும்படி முழங்காலில் தட்டித் தட்டி எப்படிச் சுத்தம் பண்ணியது, சின்னதற்கு எந்தக் காதின் ஓரம் கிழிந்திருந்தது என்று அக்கா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். கேட்கக் கேட்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

"நீங்கதான் கொடுத்து வச்சவரு" என்று அத்தானிடம் சொன்னாள். "நாங்க பத்தடி தூரத்துல. உங்களுக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நின்னுச்சு. கண்ணு எப்படி இருந்துச்சு? கிட்டப் பார்க்க எப்படி இருந்துச்சு? சொல்லுங்களேன்."

அத்தான் யோசித்தார். நேர்மையான மனிதர், அதை மறுக்கமாட்டேன்.

"நான் எங்கம்மா பார்த்தேன்?" என்றார். "வாசல் கேட்டைப் பார்க்கலாம்னு ரெண்டு மணி நேரமா எட்டி எட்டிப் பார்த்தேன். யானை மறைச்சிடுச்சு."

நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அக்கா சீட்டின் மேல் எம்பி என் பக்கம் திரும்பினாள்.

"சரி, நீ சொல்லு. எங்கூடவேதானே நின்னே? கிழிஞ்சது இடது காதா, வலது காதா?"

எனக்குத் தெரியவில்லை. அந்த இரண்டு மணி நேரமும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அத்தானைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினால் எப்படி ஆரம்பிக்கலாம், எங்கே முடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் பிழைப்பு இப்படி. நீங்கள் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் யானைகள் சாப்பிடப் போனதுமே இதில் இனி ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டி, அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தாளின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தது எந்த விரல்? உங்களுடைய விரலா? அதைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள் சார், நான் இன்னும் முடிக்கவில்லை.